முட்டையிடும் பெட்டியில் எதை விரிப்பது?

கேள்வி: தஞ்சாவூர் அருகே வீட்டுக் கொல்லையில் ஏழு பெட்டைக்கோழிகளும் ஒரு சேவலும் வளர்க்கிறோம். முட்டையிட மரப்பெட்டி வைத்து வைக்கோல் போட்டிருந்தோம். ஐப்பசி மழையில் வைக்கோல் கறுத்துப்போனது. ஒரு கோழிக்கு மூச்சு வாங்குகிறது. மேசை, நாற்காலி செய்யும் பட்டறையில் மரத்தூள் சும்மாவே தருகிறார்கள். அதைப் போடலாமா? பேன் வராமலிருக்க அந்துருண்டை போடச் சொல்கிறார்கள், அது சரியா?

பதில்: பட்டறை மரத்தூள் வேண்டாம், அந்துருண்டை கூடவே கூடாது. வைக்கோலைக் குற்றம் சொல்வதற்கில்லை, அதில் ஏறிய ஈரத்தைத்தான் சொல்லவேண்டும். நன்றாகக் காய்ந்த சம்பா வைக்கோலை விரல் நீளத்துக்கு நறுக்கி, அடியில் மெல்லிய மணல் பரப்பி, அதன்மேல் மூன்று நான்கு அங்குலம் போட்டு, நனைந்தால் அன்றே மாற்றிவிடுவதுதான் ஏழு கோழி உள்ள வீட்டுக்கு நான் சொல்லும் ஏற்பாடு. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். காரணம் தெரிந்துவிட்டால் வைக்கோல் கிடைக்காத காலத்தில் வேறு எதைப் போடலாம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ். அந்தச் சூட்டோடும் ஈரத்தோடும் முட்டை வெளியே வருகிறது. ஓட்டில் 7,000 முதல் 17,000 வரை நுண்துளைகள் உண்டு. அவற்றை மூடியிருக்கும் மெல்லிய பூச்சு முட்டை விழுந்த சில நிமிடங்களில் காய்ந்துதான் உறுதியாகிறது. இதற்கிடையில் முட்டை குளிரத் தொடங்க, உள்ளே இருப்பது சுருங்கி, வெளிக்காற்றைத் துளைகள் வழியே உள்ளே இழுக்கிறது. முட்டையின் அகன்ற முனையில் இருக்கும் காற்றறை உருவாவதே இப்படித்தான். அந்த நேரத்தில் முட்டை கிடப்பது எச்சம் கலந்த ஈரக் கூளத்தில் என்றால், காற்றோடு சேர்ந்து அங்குள்ள கிருமியும் உள்ளே போகும் வாய்ப்பு அதிகம். பிறகு அந்த முட்டையைக் குழாய்த் தண்ணீரில் கழுவுவது நிலைமையை இன்னும் மோசமாக்கும். குளிர்ந்த நீர் உள்ளே இருப்பதை மேலும் சுருக்கி அழுக்கு நீரையே உறிஞ்ச வைக்கும். ஆகவே சுத்தமான முட்டை வேண்டுமென்றால் அது பெட்டியிலேயே சுத்தமாக இருந்தாகவேண்டும்.

உங்கள் கேள்வியில் என்னை அதிகம் நிறுத்தியது அந்தக் கறுத்த வைக்கோல்தான். படுக்கைப் பொருளால் கோழிக்கு வரும் கேடுகளில் முதலிடம் பூஞ்சணத்துக்குரியது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்ற பூஞ்சை நனைந்த வைக்கோலிலும் மக்கும் மரத்தூளிலும் செழித்து வளரும். ஈரமாக இருக்கும்போது அது அவ்வளவாகப் பரவாது. மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்ததும் அதே கூளம் மேலாகக் காயும்போது, கோழி உள்ளே ஏறிக் காலால் பறிக்கும் ஒவ்வொரு முறையும் வித்துத்தூள் புகைபோல எழும்பும். கோழிக்கு நுரையீரலோடு ஒன்பது காற்றுப்பைகளும் உண்டு. அவை உடலின் உள்ளே வெகு தூரம் பரவியிருப்பவை. வித்து அங்கே போய்த் தங்கி முளைத்துவிட்டால் மஞ்சள் நிறக் கட்டிகளாகப் படர்ந்துவிடும். வீட்டளவில் செய்யக்கூடிய மருத்துவம் என்று இதற்கு எதுவும் இல்லை. சின்னக் குஞ்சுகள் இரண்டு மூன்று நாளில் வாயைத் திறந்தபடியே செத்துப்போகும். வளர்ந்த கோழி மெலிந்து, மெல்ல மெல்லத் தேயும். சளி நோய்களில் கேட்கும் கறகற ஓசை இதில் பெரும்பாலும் இருக்காது. ஓசையில்லாமல் கழுத்தை நீட்டி அலகைத் திறந்து மூச்சு வாங்குவது இந்நோயின் ஓர் அடையாளம். இந்த ஒன்றை மட்டும் வைத்து நோயை முடிவு கட்டிவிடக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

காவிரிப் படுகையில் இருப்பவர்கள் வைக்கோல் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் மழையோடு மழையாக முடிகிறது; அந்த வைக்கோல் களத்தில் ஒழுங்காகக் காய்வது அரிது. சம்பா வைக்கோல் தை, மாசியில் வருவது. பனியில் நனைந்தாலும் அடுத்த வெயிலில் உலர்ந்துவிடும். ஆண்டு முழுவதற்கும் கோழிப்பெட்டிக்கு வேண்டிய வைக்கோல் மிகக் குறைவு, நாலைந்து சாக்கு போதும். அதை மாசியிலேயே வாங்கி, தரையில் படாமல் பரணிலோ பலகை மேலோ வைத்துவிடுங்கள். இன்னொன்று, இப்போது அறுவடை இயந்திரத்துக்குப் பின்னாலேயே வைக்கோலை உருளையாகச் சுற்றிக் கட்டிவிடுகிறார்கள். அரை ஈரத்தில் சுற்றிய உருளை வெளியே பொன்னிறமாகத் தெரியும். நடுவில் கையை விட்டால் வெதுவெதுப்பாகவோ, பிரித்தால் சாம்பல் பூத்தோ இருக்கும். மாட்டுக்கு வாங்குகிறவர் வெளிப்புறத்தைப் பார்த்து வாங்கிவிடலாம். கோழிக்கு எடுப்பவர் உருளையைப் பிரித்து நடுவிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பார்க்கவேண்டும். வெள்ளைத் துணியின்மேல் அதை உதறுங்கள். துணியில் விழுவது பதரும் சருகுத் துண்டும் என்றால் நல்லது. பச்சை கலந்த சாம்பல் பொடியோ கறுப்புப் பொடியோ படிந்தால், முகர்ந்து பார்க்கவே வேண்டாம், அப்படியே ஒதுக்கிவிடுங்கள். பூஞ்சண வைக்கோலை உதறுகிறவரின் நெஞ்சுக்கும் அது கேடுதான். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, காற்றுக்கு முதுகு காட்டி நின்று உதறுங்கள். மூடிய கொட்டகைக்குள் இந்த வேலையைச் செய்யக்கூடாது. பூச்சிமருந்து அறுவடையை ஒட்டி அடிக்கப்பட்டதா என்று வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும் நல்லது.

நறுக்கச் சொன்னதற்கு இரண்டு காரணங்கள். கோழி பெட்டிக்குள் நுழைந்ததும் சும்மா உட்காராது. சுற்றிச் சுற்றி வந்து, மார்பால் அழுத்தி, அலகால் எடுத்து முதுகில் போட்டுக்கொண்டு குழி பறிக்கும். முழு நீள வைக்கோல் அப்போது காலில் வளையமாகச் சுற்றும். இறங்கும்போது வைக்கோலோடு முட்டையும் சேர்ந்து கீழே வரும். இரண்டாவது, அலகில் எடுப்பதில் கொஞ்சம் விழுங்கப்படும். நீண்ட நார் தீனிப்பையில் பந்தாகச் சுருண்டுவிட்டால் உள்ளே போகாமல் அடைத்துக்கொள்ளும். காலையில் இரை எடுக்குமுன்னே கழுத்தடியில் பை கெட்டியாகப் புடைத்திருந்தால் இதைச் சந்தேகிக்கவேண்டும். அரிவாள்மணையில் மூன்று அங்குலத் துண்டாக அரிந்துவிட்டால் இரண்டு தொல்லையும் பெரும்பாலும் தீரும். மிகப் பொடியாகவும் அரிய வேண்டாம். பொடிக்கூளம் அடியில் இறங்கிவிடும், முட்டை பலகையில் படும்.

இனி அந்த மரத்தூளுக்கு வருவோம். மரத்தூள் என்ற பெயரில் மூன்று வேறு பொருள்கள் புழங்குகின்றன. இழைப்புளியில் சீவிய சுருள் ஒன்று. மரவாடியில் ரம்பம் அறுத்த தூள் ஒன்று. பட்டறையில் தரையைக் கூட்டி அள்ளும் கலவை மூன்றாவது. முதலாவது நல்ல படுக்கை: மெத்தென்று இருக்கும், ஈரத்தை வாங்கும், தூசி குறைவு. வேம்பு, மா, பூவரசு, வாகை போன்ற நாட்டு மரங்களைச் சீவியதாக இருந்தால் தயங்காமல் போடலாம். ரம்பத்தூள் அவ்வளவு நல்லதன்று; மாவுபோல் இருப்பதால் கண்ணிலும் மூக்கிலும் ஏறும்; தீவனம் என்று நினைத்து, முக்கியமாக இளம் விடைக்கோழிகள், கொத்தித் தின்னும். தேக்குத் தூள் தச்சர்களுக்கே தும்மலும் தோல் அரிப்பும் தருவது; அதைக் கோழி நாள்தோறும் ஒரு மணி நேரம் முகம் புதைத்து உட்காரும் பெட்டியில் போடாமலிருப்பது நல்லது.

மூன்றாவதைத்தான் உங்களுக்குச் சும்மா தருகிறார்கள். இன்றைய மேசை, நாற்காலிப் பட்டறையில் அறுபடுவது பெரும்பாலும் பிளைவுட்டும் எம்.டி.எஃப். பலகையும். அவற்றில் தகட்டையும் நாரையும் ஒட்டவைப்பது ஃபார்மால்டிஹைடு சேர்ந்த பிசின். தூள் வடிவில் அது மூச்சுக்குழாயை அரிக்கும். மேலே பாலிஷ், தின்னர், மரப்பூச்சி மருந்து ஆகியவற்றின் மிச்சம் வேறு. வெளிவேலைக்கான மரத்தைச் செல்லரிக்காமல் பதப்படுத்தச் செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த கரைசலை ஏற்றும் முறையும் உண்டு. அந்த மரத்தின் தூள் ஒரு பிடி கலந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. இதெல்லாம் போகட்டும் என்றாலும் ஆணி இருக்கிறது. கூட்டி அள்ளிய தூளில் ஒரு காந்தத்தைப் போட்டு இழுத்துப் பாருங்கள். பின், சிறு ஆணி, திருகாணித் துரும்பு என்று மீசைபோல ஒட்டிக்கொண்டு வரும். கோழிக்கு மினுக்கும் பொருளைக் கண்டால் கொத்தாமல் இருக்க முடியாது. அரைவைப்பை கல்லையே அரைக்கும் வலிமையுள்ள தசை. அந்தத் தசை இறுகும்போது உள்ளே ஆணி இருந்தால் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். நாட்டு மரம் மட்டும் இழைக்கும் தச்சர் ஒருவரை உங்களுக்குத் தெரியுமானால், இழைப்புளிச் சுருளை மட்டும் தனியாகச் சாக்கில் பிடித்துத் தரச் சொல்லுங்கள். மேசை, நாற்காலிப் பட்டறையின் தரைத்தூள் அடுப்புக்குக்கூட ஆகாது, புகையே கெடுதல்.

பெட்டி மரம் பற்றியும் இங்கேயே ஒரு சொல். பார்சல் வந்த பைன் மரச் சட்டங்களைப் பிரித்துக் கோழிப்பெட்டி செய்வது இப்போது சகஜம். அச்சட்டங்களில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை இருக்கும். அதில் எச்.டி. (HT) என்று இருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, பயன்படுத்தலாம். எம்.பி. (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு ஏற்றியது, அதை விட்டுவிடுங்கள்.

உமி எங்கும் மலிவாகக் கிடைப்பதால் பலர் அதையே கேட்கிறார்கள். கறிக்கோழிக் கொட்டகைகளில் தரையில் ஆழ்கூளமாகப் போட அது நல்ல பொருள்தான்; முட்டைப் பெட்டிக்குத் தனியாக அவ்வளவு ஏற்றதில்லை. எடையில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு சிலிக்கா இருப்பதால் உமி சுலபத்தில் மக்காது, பூஞ்சணமும் தாமதமாகத்தான் பிடிக்கும். இது அதன் நல்ல குணம். ஆனால் ஈரத்தை உறிஞ்சாது, வழுக்கி ஒதுங்கும், கோழி ஒரு சுற்றுச் சுற்றினால் நடுவில் பலகை தெரிந்துவிடும். வைக்கோலுக்கு அடியில் ஓர் அங்குலம் போட்டால் சரியாக இருக்கும். ஆலையில் வாங்கும்போது உமியோடு தவிடு கலந்திருக்கிறதா என்று கையில் தேய்த்துப் பாருங்கள். உள்ளங்கையில் எண்ணெய்ப்பசையோடு மாவு ஒட்டினால் தவிடு இருக்கிறது. தவிடு தீவனம், பெட்டியில் கிடந்தால் கோழி முட்டையிட வரும் இடத்தில் மேய வரும், எலியும் வரும், ஈரம் பட்டால் புளித்துப் பூஞ்சணம் பூக்கும்.

தென்னை நார்க்கழிவும் இங்கே தாராளம். அது தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். தொட்டிச் செடிக்கு அது வரம், முட்டைக்கு அதுவே கேடு, ஏனென்றால் மழைக்காலத்தில் காற்றிலுள்ள ஈரத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு ஓட்டை நனைத்தபடியே இருக்கும். கோடையில் நன்றாக உலர்த்திச் சலித்தது என்றால் வேறு எதுவும் இல்லாதபோது போடலாம். சலிக்கச் சொல்வது நாருக்காக. தேங்காய் நாரும், சிமென்ட் சாக்கிலிருந்து பிரியும் பிளாஸ்டிக் நூலும், சாக்குத் தைத்த சணலும் கோழியின் விரலில் சுற்றினால் நடக்க நடக்க இறுகும். ரத்த ஓட்டம் நின்று விரல் கறுத்து உதிர்ந்த கோழிகளைப் பார்த்தால், வளர்ப்பவருக்குப் பெரும்பாலும் காரணமே தெரிந்திருக்காது. காலைத் தண்ணீரில் ஊறவைத்துச் செதிலுக்கடியில் தேடினால் முடி கனத்தில் ஒரு நூல் இருக்கும். இதனால்தான் பழைய சேலைத் துணி, சாக்கு, கம்பளி எதையும் பெட்டியில் விரிக்க வேண்டாம் என்கிறேன். நகம் மாட்டி இழுக்கும்போது நூல் பிரியத்தான் செய்யும்.

கடலைத்தோல் வேண்டாம். நிலக்கடலையில் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்கும் பூஞ்சை தோலில்தான் முதலில் குடியேறுகிறது. கோழி தோலைக் கொத்தி, ஒட்டியிருக்கும் பருப்புத் துணுக்கைத் தின்னும், ஈரல் கெடும். செய்தித்தாளைக் கிழித்துப் போட்டால் இரண்டு நாள் தாங்கும், பிறகு ஈரத்தில் அட்டைபோல் அப்பிக்கொள்ளும். முழுத் தாளாக விரித்தால் வழுக்கும், குஞ்சுகளுக்குக் கால் அகன்று ஊனமாகும். வாழைச்சருகு, கொழுக்கட்டைப்புல் போன்றவற்றை வெயிலில் காயவைத்துப் போடலாம், ஆனால் வாரம் ஒருமுறை மாற்றவேண்டும். வேலியோரம் கிடைக்கும் சருகை அள்ளும்போது அரளி, எருக்கு, ஊமத்தை, நெய்வேலிக் காட்டாமணக்கு, பார்த்தீனியம் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைகளில் வரும் பிளாஸ்டிக் புல் விரிப்பு கழுவ எளிதுதான், ஆனால் நம் நாட்டுக்கோழி அதில் உட்காராது. உட்கார்ந்தாலும் பறித்துக் குழி செய்ய முடியாமல் வெளியே செடியடியில் போய் முட்டையிடும்.

மணலை நான் அடியில் மட்டும் போடச் சொன்னதற்கும் காரணம் உண்டு. கோழி அரை நிலையில் எழுந்து நின்றபடிதான் முட்டையிடும், அதாவது முட்டை இரண்டு மூன்று அங்குலம் கீழே விழுகிறது. மணல் மேல் விழுந்தால் மயிரிழைக் கீறல் விடும். சிறுவிடை என்னும் சிறிய நாட்டுக்கோழிக்குப் பரவாயில்லை என்றாலும் பெருவிடை, அசில் போன்ற கனத்த கோழிகள் மிதித்து மேலும் உடைக்கும். ஒருமுறை உடைந்த முட்டையின் ருசி கண்ட கோழியை அந்தப் பழக்கத்திலிருந்து மீட்பது கடினம். அடியில் ஓர் அங்குல ஆற்றுமணல் இருந்தால் கசிவு கீழே இறங்கும், பெட்டிக்குக் கனமும் கிடைக்கும், கோடையில் குளிர்ச்சியும் இருக்கும். கடல்மணலில் உப்பு ஈரம் இழுக்கும். எம்-சாண்ட் கூரானது, தூசி மிகுந்தது. இரண்டும் வேண்டாம்.

அடுத்தது பேன், செள்ளு, உண்ணி. இவை மூன்றும் வேறு வேறு, மருந்தும் அப்படியே. பேன் கோழியின் உடம்பிலேயே, பெரும்பாலும் எச்சவாய்க்குக் கீழே இறகடியில் வாழும். படுக்கையை மாற்றுவதால் மட்டும் போகாது. செள்ளு என்று ஊரில் சொல்லும் பொடி உயிர்கள் பெட்டியிலும் பெருகும். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து முதிர்ச்சிவரை ஒரு வாரம் போதும் அவற்றுக்கு. அடைக்கோழியைத் தூக்கிய கையில் சுரசுரவென்று ஏறினால் அதுதான். அவற்றில் ஒரு வகை பகலில் பலகை இடுக்கில் ஒளிந்து இரவில் மட்டும் வந்து ரத்தம் குடிக்கும். இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச் எடுத்துப் பெட்டியின் மூலையிலும் மூட்டுகளிலும் வெள்ளைத்தாளால் வழித்துப் பாருங்கள். தாளை மடித்து நசுக்கினால் சிவப்புப் புள்ளி விழும். உண்ணி இவற்றைவிடப் பெரியது, தட்டையானது; உணவில்லாமல் ஓராண்டுக்கு மேலும் விரிசலில் காத்திருக்கக்கூடியது, கோழிக்குக் காய்ச்சல் நோயையும் கொண்டுவருவது. செள்ளுக்கும் உண்ணிக்கும் படுக்கையைவிடப் பெட்டிதான் வீடு. ஆகவே கூளம் முழுவதையும் எடுத்து எரித்துவிட்டு, கொதிக்கும் தண்ணீரை இடுக்குகளில் ஊற்றி, நாள் முழுக்க வெயிலில் காயவைத்து, சுண்ணாம்பு அடித்து இடுக்குகளை அடைத்துவிடுவது எந்தப் பொடியையும்விடப் பலன் தரும். ஒரு வாரம் கழித்து மறுபடி செய்யவேண்டும். முதல் முறை தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும்.

அந்துருண்டை நாப்தலீன் கட்டி. மூடிய பெட்டிக்குள் அதன் ஆவி தங்கும். ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் நஞ்சு அது. அதே ஆவி ஓட்டுத் துளை வழியாக முட்டைக்கும் போகும், வேகவைத்தால் பீரோ வாசனை வரும். குழந்தைக்கு அவித்துக் கொடுக்கும் முட்டையில் அது வேண்டுமா என்பதுதான் கேள்வி. பழைய ஆட்கள் காமாக்சின் பொடி தூவியதை நினைவுவைத்துச் சொல்வார்கள். அந்த மருந்தின் கடைசி வடிவமான லிண்டேனின் பயன்பாடும் 2013 முதல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டுவிட்டது, எங்காவது பழைய டப்பா கிடந்தாலும் தொடாதீர்கள். எறும்பு சாக்பீஸால் பெட்டியைச் சுற்றிக் கோடு போடுவதும் பூச்சிமருந்து தடவுவதுதான். எறும்புக்குப் பெட்டிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தாலே போதும்.

வேப்பிலை, நொச்சி பற்றிக் கேட்பீர்கள். நிழலில் உலர்த்திய இலையை ஒரு கைப்பிடி கூளத்துக்கு அடியில் வைப்பதில் தீங்கில்லை, பூச்சியை ஓரளவு விலக்கவும் செய்யும். பச்சையாகக் கொத்துக் கொத்தாகப் போட்டால் இலையின் ஈரமே பூஞ்சணத்துக்கு வித்தாகும். சீத்தாப்பழ விதைப்பொடியைப் பெட்டியில் தூவ வேண்டாம்; கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கக்கூடியது. சாம்பலும் மணலும் கலந்த குழியைக் கொல்லையில் மழை படாத இடத்தில் தனியாக வையுங்கள். கோழி அங்கே புரண்டு மண்குளியல் செய்தால் தன் பேனைத் தானே பெருமளவு உதறிவிடும். பெட்டிக்குள் சாம்பல் போட்டு அது நனைந்தால் காரமாகி மார்புத் தோலை அரிக்கும்.

அடைக்கோழிக்குத் தனிக் கவனம் வேண்டும். மற்றக் கோழி அரை மணியோ ஒரு மணியோ உட்கார்ந்துவிட்டுக் கேறிக்கொண்டே இறங்கிவிடும். அடைக்கோழி 21 நாள் அதே படுக்கையில், நாளுக்கு ஒருமுறை மட்டும் இறங்கி, உடல் சூட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். செள்ளு பெருக இதைவிட நல்ல இடம் வேறில்லை. கோழி பாதியில் அடையை விட்டு எழுந்துபோவதற்கு இது முக்கியமான காரணம். முட்டையிடும் பெட்டியிலேயே அடை வைக்காமல், புதிய மணலும் புதிய வைக்கோலும் போட்ட தனிக் கூடையில் இரவில் மாற்றி வையுங்கள். ஏழெட்டு நாளில் வெளிச்சத்தில் பார்த்துக் கூமுட்டையை ஒதுக்கும்போது, கோழி இரைக்கு இறங்கிய நேரத்தில் கூளத்தையும் ஒருமுறை மாற்றிவிடலாம். 18ஆம் நாளுக்குப் பிறகு கை வைக்கக்கூடாது. இடிக்குப் பயந்து கூடையில் இரும்பும் கரியும் மிளகாய் வற்றலும் போடும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை. இரும்பு என்பது சிறு ஆணியாக இல்லாமல் விழுங்க முடியாத அளவில் இருக்கட்டும். ஈரம் ஏறிப் பிசுபிசுத்த வற்றலை எடுத்துவிடுங்கள். இடி மழையில் முட்டை கெடுவதற்குச் சாரல் நனைத்த கூடையே காரணம் என்பது என் கணிப்பு. கூடையைத் தாழ்வாரத்து உள்சுவர் ஓரமாக நகர்த்தி வைப்பது இரும்பைவிட உதவும்.

எந்தப் படுக்கையும் பெட்டி சரியாக இருந்தால்தான் நிற்கும். ஏழு கோழிக்கு இரண்டு பெட்டி போதும். ஒவ்வொன்றும் ஓரடிக்கு ஓரடி, கனத்த இனமானால் 14 அங்குலம். முன்பக்கம் நாலைந்து அங்குலத் தடுப்பு இல்லாவிட்டால் கூளம் இரண்டு நாளில் தரையில் இருக்கும். அடிப்பலகையில் நாலைந்து துளை போட்டு, செங்கல் மேல் உயர்த்தி வையுங்கள். கோழி இரவில் தூங்கும் கம்பு பெட்டியைவிட உயரத்தில் இருக்கவேண்டும். உயர்ந்த இடமே கோழிக்குப் பிடிக்கும் என்பதால், பெட்டி மேலே இருந்தால் அதிலேயே தூங்கி, இரவு எச்சம் முழுவதையும் அங்கே போட்டுவைக்கும். பொழுது சாயும்போது பெட்டி வாயை ஒரு பலகையால் மூடி, விடியலில் திறந்துவிடுவது ஒரு வாரம் செய்தால் அந்தப் பழக்கம் விட்டுப்போகும். திறக்கும்போது ஒரு குச்சியால் கூளத்தைத் தட்டிவிட்டுக் கையை விடுங்கள்; எலி தேடியும் முட்டை தேடியும் பாம்பு வந்து சுருண்டிருப்பது நம் பக்கம் அபூர்வமில்லை. நாள்தோறும் எச்சம் பட்ட கூளத்தை மட்டும் கிள்ளி எடுத்துப் புதிது போட்டு வந்தால், முழு மாற்றம் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது வேண்டும்.

உங்கள் மூச்சு வாங்கும் கோழியைப் பொறுத்தவரை, அதைத் தனியாக, காற்றோட்டமும் வெயிலும் உள்ள இடத்தில், கூளம் இல்லாமல் வெறும் மணல் தரையில் பஞ்சாரத்துக்கடியில் வைத்து, நாளையே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். பூஞ்சணம் காரணமாக இருக்கலாம். ராணிக்கெட் என்னும் கோழிக் கழிச்சலும் இப்படித்தான் தொடங்கும், சளிக் காய்ச்சலும் இப்படித்தான் தெரியும், மூன்றுக்கும் செய்யவேண்டியது வேறு. கழிச்சலுக்குத் தடுப்பூசி போடாமலிருந்தால் மற்றக் கோழிகளுக்கு அதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். கால்நடைத் துறை ஆண்டுதோறும் இலவச முகாம் நடத்துகிறது, பெரும்பாலும் பிப்ரவரியில். அதற்குமுன் இன்றைக்கே செய்யவேண்டியது, கறுத்த வைக்கோலைப் பெட்டியிலேயே வைத்துத் தண்ணீர் தெளித்து, தூள் எழும்பாதபடி நனைந்த நிலையில் அள்ளுவது. அதைக் குப்பைக்குழியில் போட்டு நாலு கூடை மண்ணால் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் நாளைக் காலை அதே கோழிகள் அங்கே போய்க் கிளறிக்கொண்டு நிற்கும்.